பிரணவனுக்கு நான் கொடுத்த வண்டி

அந்தச் சின்ன லொறி பின்பக்கமாகவே எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கராஜ் இருந்த ஒழுங்கையில் லொறி திரும்ப இடமில்லை. காலைத் தூறல். மாதா கோவில் பூசை முடிந்து குடைகளோடு ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். லொறியின் பின்னால் நீலத் தறப்பாளால் மூடி எதையோ கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"அய்யே, மேக்க கொஹெத பான்னே?" எங்கே இறக்குவது என்று சாரதி சிங்களத்தில் கேட்டான்.

நான் பதில் சொல்லுமுன் முன்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். மெலிந்த உடம்பு. முழுக்கை வெள்ளைச் சேர்ட், மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருந்தது.

"தம்பி, நீர்தானே கரன்?"

"ஓம் ஐயா."

"நான் பிரணவன்ட அப்பா."

தறப்பாளை அவிழ்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்த சாமான் அது.

மூன்று பேர் சேர்ந்து அந்த மோட்டார் சைக்கிளை இறக்கினோம். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவர்க்கம்பி இரண்டும் வளைந்து, பெற்றோல் தாங்கி உள்நோக்கி அமுங்கி, லைட் இருந்த இடத்தில் வயர்கள் மட்டும் தொங்கின. பொலிஸ் நிலைய வளவில் மழையிலும் வெயிலிலும் கிடந்ததால் துருப்பிடித்திருந்தது. நான் என் கையால் தீட்டிய கடும்பச்சை நிறம் தாங்கியின் ஒரு பக்கத்தில் மட்டும் அப்படியே பளபளத்தது.

"பொலிஸ் விட்டுட்டாங்கள். இதைத் திருத்தித் தாரும். ஓடத் தேவையில்லை. முன்னம் இருந்த மாதிரி நிண்டாப் போதும். வீட்டுப் போர்ட்டிக்கோவில விடப்போறம். தாய் கேக்கிறா" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"வேகம்" என்றார் அவர், வண்டியைப் பார்க்காமல். "வேறென்ன. வேகம்தான்."

குடையை விரித்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

காதால் வளர்ந்தவன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கராஜ் திறந்த நாளைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு மூன்று பேர் எனக்குச் சந்தோசமாக எழுதியிருந்தார்கள். விருப்பமானதையே தொழிலாக்கிக்கொள்ளக் கொடுத்துவைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு இந்த வாரம் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பெயர்களை மாற்றி, நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் மூன்றாம் மாடி. கொழும்பின் பெரிய வீதியான காலிவீதி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். பத்து வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு எந்த மோட்டார் சைக்கிள் போகிறது என்று சொல்லுவேன். ஒற்றைச் சிலிண்டரின் தடதடப்பு ஒரு மாதிரி, ரெண்டு ஸ்ட்ரோக்கின் சீறல் வேறொரு மாதிரி. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் படித்ததெல்லாம் அதைத்தான்.

என் முதல் வண்டியை நான் வாங்கிய போர்க்காலம், தமிழ்ப் பெடியன் ஒருவன் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் போகக்கூடிய காலம் அல்ல. பம்பலப்பிட்டியில் ஒரு இராணுவச் சோதனைத் தடை, கொள்ளுப்பிட்டியில் ஒரு தடை. ஒவ்வொன்றிலும் இறங்கி, சீட்டைத் தூக்கி, தாங்கி மூடியைத் திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் ஒரு சிப்பாய் தாங்கிக்குள் கம்பி விட்டுத் துழாவிவிட்டு, அடையாள அட்டையில் என் பெயரை மறுபடி வாசித்தான். அன்று பின்னேரம்வரை என்னைப் போகவிடவில்லை, வீதியோரத்தில் குந்தியிருந்தேன். பயத்தைவிட எனக்கு வேறொரு கவலை பெரிதாக இருந்தது: வண்டி வெயிலில் நிற்கிறதே, சீட் வெடித்துவிடுமே என்று.

அம்மா அந்த வண்டியை விற்கச் சொல்லி மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தா. நான் விற்கவில்லை.

இப்படிப்பட்டவன் பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தேன். விபத்தில் சிக்கிய வாகனங்களைப் போய்ப் பார்த்து, என்ன நடந்தது, எது உடைந்தது, எது முன்னமே உடைந்திருந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நசுங்கிய இரும்பைப் பார்த்து நடந்ததைச் சொல்லுவேன். அது எனக்கு நன்றாக வந்தது. அதனாலேயே வெறுத்தது. உயிரோடு இருக்கும் வண்டிகளோடு சீவிக்க வேண்டும் என்றுதான் நாற்பத்தைந்தாம் வயதில் அந்த வேலையை விட்டேன்.

நிஸாம் நானா

நிஸாம் நானாவோடு அந்த வேலையில்தான் பழக்கம்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மருதானையில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கம்பனியை ஏமாற்றப் பொய்ச் சிட்டை எழுதுவார்கள். நானா, "இது விழுந்ததால ஒடஞ்சதில்ல, பழைய ஒடவு" என்று வண்டிக்காரனுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூப்பு. மூன்று பெண் பிள்ளைகள்.

இரண்டு பேரும் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் அந்தத் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தோம். பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, பிரித்து, புதிதாக்கி விற்பது. கோழிக்கூட்டுக்குள் கிடந்ததெல்லாம் எங்களிடம் வந்து எழும்பி ஓடியது. ஒரு வண்டி முதல் உதையில் பிடித்துக்கொள்ளும் காலைகளில் நானா கைகளை மேலே தூக்கி "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பிளேன் டீ குடிப்பேன். அந்த மூன்று வருடமும் நான் ஒரு திங்கட்கிழமையைக்கூட வெறுத்ததில்லை.

பிறகு பொருளாதாரம் விழுந்து நாட்டில் எல்லாம் நின்றது. பெற்றோல் வரிசை காலிவீதியில் எங்கள் பிளாட் வாசல்வரை வந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வரவில்லை. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் பழைய வண்டிகளுக்கான பாகங்கள் வரவே இல்லை.

அந்தக் காலத்தில்தான் பிரணவன் வந்தான்.

கடும்பச்சை

இருபத்தாறு வயது. ஒரு கொம்பியூட்டர் கம்பனியில் வேலை. அவனும் வெள்ளவத்தைதான். முதல்நாள் வந்தபோது கொட்டகைக்கு வெளியே நின்று காது கொடுத்துவிட்டு, "அண்ணை, உள்ளுக்கை ஸ்டார்ட்டிலை நிக்கிறது ஒற்றைச் சிலிண்டர்தானே?" என்று கேட்டான். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

நாங்கள் பாதி முடித்துவைத்திருந்த ஒரு ஜப்பான் வண்டியை அவனுக்கென்று முடித்தோம். நிறம் அவன் சொன்னது. சனிக்கிழமைகளில் வந்து பக்கத்தில் குந்தியிருந்து நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் தருவான். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது முழுக்க மோட்டார் சைக்கிள். அவனுடைய தகப்பன் பள்ளிக்கூடத்தில் கணக்கு மாஸ்டர் என்பதும், இந்த வண்டிக்கு அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரியும்.

இனி எழுதப்போவதை விளங்கிக்கொள்ள ஒரு விடயம் தெரிய வேண்டும். அந்தப் பழைய வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு இரும்பு டிரம் இருக்கும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு துண்டுகள். ஷூ என்போம். அவற்றின் மேல் ஒரு தடித்த பட்டை ஒட்டியிருக்கும். அது லைனிங். பிரேக்கைப் பிடித்தால் அந்த லைனிங்தான் டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும்.

பிரணவனின் வண்டிக்கு அசல் ஷூ கிடைக்கவில்லை. பழைய ஷூவில் புது லைனிங் ஒட்டித் தரும் ஒருவரிடம் கொடுத்து ஒட்டுவித்தோம். நானா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கரன், இந்த ஒட்டு எனக்குப் புடிக்கல்ல. ஒரு மாசம் பொறுப்போம். சிங்கப்பூர்ல ஈந்து ஒரு தெரிஞ்ச ஆள் வாரார். சாமான் கொண்டுவரச் செல்லுவோம்."

"நானா, பெடியன் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான். நான் ஓடிப் பாக்கிறன்."

ஓடிப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசைவரை போய்த் திரும்பினேன். கடற்காற்று. அந்த எஞ்சின் பாடியது. நான் இதுவரை கட்டியதில் அதுதான் சிறந்த எஞ்சின். இரண்டு மூன்று தரம் பிரேக்கும் பிடித்துப் பார்த்தேன், நின்றது. ஆனால் என் கவனம் பிரேக்கில் இல்லை. என் காது முழுக்க எஞ்சினில் இருந்தது.

"நல்லாப் பிடிக்குது, குடுப்பம்" என்று சொன்னேன்.

நானா அடுத்த வண்டியின் பக்கம் திரும்பினார். தொழிலில் பாதி என் பங்கு.

டிரம்மின் உட்புறம்

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீர்கொழும்புப் பாதையில், குறுக்கே திரும்பிய ஒரு லொறியில் பிரணவன் மோதினான். கடும் வேகத்தில் வந்தான் என்று லொறிக்காரன் சொன்னான். பொலிசும் அப்படியே எழுதியது. நானா எனக்குப் போனில் சொன்னபோது நான் முதலில் நினைத்தது பிரணவனை அல்ல. லைனிங்கின் அந்த ஒட்டுவேலையை.

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

இப்போது மாஸ்டர் கொண்டுவந்து இறக்கிய வண்டி எனக்கு முன்னால் கிடந்தது. நானா மருதானைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன்.

ஒரு ஷூவில் லைனிங் இல்லை. முழுதாகக் கழன்று டிரம்மின் அடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

மோதிய அதிர்ச்சியிலும் லைனிங் கழலலாம். ஒரு கணம் அந்த நினைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். ஆனால் பதினெட்டு வருடம் நான் செய்த வேலை என்னைச் சும்மா விடவில்லை. டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உள்ளே சுற்றிவர, வளையமாக, பளிச்சென்று ஆழமான கீறல்கள். இரும்பு இரும்பை உரசிய கீறல். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தபோதுதான் அது விழும். அவன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். முழுப் பலத்தோடு, கனதூரம், பிடித்துக்கொண்டே போயிருக்கிறான். வண்டி நிற்கவில்லை.

நானா வந்து பார்த்தார். டிரம்மைக் கையில் வாங்கினார். அவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. "நான் அண்டைக்கே சென்னேனே" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"இத அவர்கிட்ட செல்லாதீங்க கரன்" என்றார்.

"அந்த மனுசன், மகன் வேகமா ஓடினான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது, நானா."

"நெனச்சிக்கிட்டு ஈக்கட்டும். செல்லி புள்ள திரும்பி வரவா? எனக்கு மூணு பொம்புளப் புள்ள ஈக்கிது. நாளைக்கு எவன் எங்கிட்ட ஒரு சைக்கிளாவது கொண்டு வருவான்?"

நான் டிரம்மைச் சாக்கில் சுற்றி ஒருபக்கம் வைத்தேன்.

மாஸ்டர் சொன்னது

ஒரு கிழமை கழித்து மாஸ்டர் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வந்தார். மத்தியானம். நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கதிரை போட்டு இருத்தினேன். டிரம்மை எடுத்துவந்து அவருடைய மடிக்கு நேரே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டியது, நானா பொறுக்கச் சொன்னது, நான் கொடுத்தது, கீறல் எப்படி விழுந்தது, எல்லாம்.

கணக்கு மாஸ்டர். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, அவன் பிரேக் பிடிச்சிருக்கிறான்?"

"ஓம் மாஸ்டர்."

கீறலில் விரலை வைத்துப் பார்த்தார். வெளியே சுமை ஆட்டோ ஒன்று திரும்ப வழியில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, நான் செத்தவீட்டில அழேல்ல" என்றார். "அவனோட சரியான கோவம். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு, எல்லாச் சனத்துக்கும் முன்னால, 'எத்தனை தரம் சொன்னனான், கேட்டியோ?' எண்டு அவனை ஏசினனான். கொள்ளி வைக்கிறபோதும் எனக்கு அந்தக் கோவம்தான். இந்த மூண்டு மாசமும் அந்தக் கோவத்திலதான் நான் எழும்பி நடக்கிறன்."

என்னைப் பார்த்தார்.

"இதை நீர் எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம்."

பொலிசில் போய் நானே சொல்கிறேன் என்றேன். கையை மட்டும் அசைத்து மறுத்தார். மனைவிக்குத் தெரியவரும், அவ இன்னொரு தரம் செத்துப்போவா என்றார். அப்படியும் நான் போனேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் கேட்டுவிட்டு, அந்த வழக்கு முடிந்துவிட்டது, முறைப்பாடு வேண்டுமென்றால் தகப்பன் வரவேண்டும் என்று சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார். எனக்கு ஒரு கதிரையும் தந்தார். தண்டனை கேட்டுப் போன இடத்திலும் மரியாதைதான் கிடைத்தது.

கழற்றிய ஆயுதங்கள்

நானாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கை கழுவிவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"ஒங்கட நெஞ்சுல ஈந்த பாரத்த எறக்கிட்டீங்க. எங்க எறக்கினீங்க? அந்த மனுசன்ட தலையில."

அன்றே தன் திருத்துவேலை ஆயுதங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார். ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். என்னுடையது ஒன்று தவறுதலாகக் கலந்திருந்ததை எடுத்துத் திருப்பித் தந்தார். அதன்பின் இன்றுவரை என்னோடு பேசவில்லை. திரும்பவும் படிக்கட்டுக்குக் கீழேதான் வேலை செய்கிறார் என்று கேள்வி.

பிரணவனின் வண்டியைத் தனியாகத்தான் கட்டி முடித்தேன். முன் பிரேக்குக்கு அசல் ஷூ தேடி மருதானைக்குப் போனேன். இறக்குமதி திரும்பத் தொடங்கியிருந்தது. இரண்டாவது கடையிலேயே இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், தூசுகூடப் படாமல். ஓடப்போகாத வண்டிக்கு அதைப் பூட்டினேன். அதே லொறியில் ஏற்றி வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். நான் கூடப் போகவில்லை.

கொட்டகையைத் திருப்பிக் கொடுத்தேன். கையில் இருந்த வண்டிகளை அரைகுறையாகவே உரிமையாளர்களிடம் ஒப்படைத்தேன். ஒரு பழைய நண்பர் மூலம் திரும்பவும் அதே வேலை கிடைத்தது. விபத்து வாகனங்களைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை.

மூன்றாம் மாடிக்கு இப்போதும் காலிவீதிச் சத்தம் வருகிறது. எந்த வண்டி என்று இப்போதும் தெரிகிறது. தெரிந்தவுடன் அது எங்கே நிற்கப்போகிறது என்று காத்திருக்கிறேன். சத்தம் தேய்ந்து மறையும்வரை யன்னலடியில் நிற்கிறேன். யன்னலைச் சாத்திவிடுகிறேன். மனைவி புழுக்கமாக இருக்கிறது என்கிறா.

ஆட்டைத் திவசம்

பிரணவன் செத்து ஒரு வருடம் முடிந்தபோது மாஸ்டர் போன் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை ஆட்டைத் திவசம். நீர் வரவேணும்."

"மாஸ்டர், நான் எப்பிடி..."

"இதைத் தெரிஞ்சுகொண்டு நான் தனிய இருக்கிறன், தம்பி. இந்த வீட்டில நீரும் ஒரு நேரம் இரும்."

போனேன். ஐயர் கிரியை முடித்துப் போயிருந்தார். சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. முப்பது நாற்பது பேர். என்னை ஒருவருக்கும் தெரியாது. பிரணவனின் படத்தைப் பார்க்காமல் கடைசி வரிசையில் இலைக்கு முன்னால் இருந்தேன்.

பரிமாறிக்கொண்டு வந்தவ பிரணவனின் தாய். வெளிறிய நூல் சேலை. வாளியோடு என் இலைக்கு முன்னால் குனிந்தா.

"தம்பி பிரணவனோட வேலை செய்தனீங்களோ?"

"இல்லை அம்மா, மோட்டார் சைக்கிளாலதான் பழக்கம்" என்றேன்.

"அப்ப உங்களுக்கும் அந்த மோட்டார் சைக்கிள் விசர்தான் போல." சிரிக்கப் பார்த்தா. "அவனுக்கு அந்தக் கொட்டாஞ்சேனைக் கடை அண்ணை எண்டா உயிர். சனிக்கிழமை எண்டா அங்கதான். அவர் செத்தவீட்டுக்கு வந்தவரோ தெரியாது. நான் ஒருத்தரையும் பாக்கிற நிலைமையில இருக்கேல்ல."

"அவர் வரேல்ல அம்மா."

"பாவம். அவருக்கும் தாங்கியிருக்காது."

வாழைக்காய்ப் பொரியலைக் கரண்டியில் அள்ளினா. மகனுக்கு விருப்பமானது என்று சொல்லி என் இலையில் இரண்டு தரம் போட்டா. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தா.

நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் தண்ணீர்ச் செம்போடு எதிரே நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். மெல்ல வந்து, தனக்கு இலை போடாமல், என் பக்கத்தில் பாயில் இருந்தார்.

"சாப்பிடும்" என்றார்.

நான் சாப்பிட்டேன். இலையில் ஒன்றும் மிஞ்சாமல் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.